எங்கேயோ ஓடுற புரோகிராம், இங்கே திறக்குற ஜன்னல்

இந்த எபிசோடு முழுக்க ஒரே ஒரு மெயிலுக்கான பதில். அனுப்பினவர் எம்.இ. விஎல்எஸ்ஐ படிக்கிறார், ஹாஸ்டல்ல இருக்கார். பேரும் காலேஜும் வேண்டாம். அவர் எழுதினதைச் சுருக்கிப் படிக்கிறேன்.

"அண்ணா, எங்க லேப்ல ஒரு லினக்ஸ் சர்வர் இருக்கு. ஹாஸ்டல்ல இருந்து எஸ்எஸ்ஹெச் போட்டு உள்ளே போய் சிமுலேஷன் ஓட்டுறேன். அதுவரைக்கும் ஓகே. வேவ்ஃபார்ம் பாக்க ஜிடிகேவேவ் திறந்தா, கேனாட் ஓப்பன் டிஸ்ப்ளேன்னு எரர் வருது. சீனியர் ஒரு வழி சொன்னாங்க: லேப்டாப்ல எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ்னு அடி, சர்வர்ல டிஸ்ப்ளே வேரியபிள்ல உன் ஐபி அட்ரஸைப் போடு. ரூம்மேட்டோட விண்டோஸ்ல அது வேலை செய்யுது, என் உபுண்டுல செய்யல. வேற ஒருத்தர் மைனஸ் ஒய் போடச் சொன்னார். போட்டேன், ஜன்னல் வந்துடுச்சு. ஆனா அது ஆபத்துன்னு எங்கேயோ படிச்சேன். இதே லேப்டாப்லதான் அப்பா அக்கவுண்ட்ல இருந்து செமஸ்டர் ஃபீஸ் கட்டுறேன். பயப்படணுமா, வேண்டாமா?"

கேள்வி ரொம்பச் சரியான கேள்வி. ஃபீஸ் வரிதான் இதுல முக்கியம். ஆனா அதுக்குப் பதில் சொல்லணும்னா முதல்ல அந்த எரர் ஏன் வருதுன்னு பாக்கணும்.

எஸ்எஸ்ஹெச் போட்டு உள்ளே போனா நமக்குக் கிடைக்கிறது ஒரு டெர்மினல். எழுத்து போகும், எழுத்து வரும், அவ்வளவுதான். ஜிடிகேவேவ் மாதிரி ஒரு புரோகிராமுக்கு அது பத்தாது. அதுக்கு ஒரு ஸ்கிரீன் வேணும், மவுஸ் வேணும். எந்த ஸ்கிரீன்ல வரையணும்னு தெரிஞ்சுக்க அது டிஸ்ப்ளேங்கிற என்விரான்மென்ட் வேரியபிளைப் பாக்கும். அது காலியா இருந்தா, "எங்கே வரையுறதுன்னே தெரியலையே"ன்னு கையை விரிச்சிடும். லேப் சர்வருக்கு மானிட்டரே இல்லாம இருக்கலாம். இருந்தாலும் அங்கே பூட்டின ரூம்ல ஜன்னல் திறந்து நமக்கு என்ன பிரயோஜனம்?

இதுக்கான தீர்வு நம்மில் பலர் பிறக்கிறதுக்கு முன்னாடியே வந்தாச்சு. 1984ல எம்ஐடியில பாப் ஷைஃப்லர், ஜிம் கெட்டிஸ் ரெண்டு பேரும் ஆரம்பிச்ச எக்ஸ் விண்டோ சிஸ்டம். ஸ்டான்ஃபோர்டுல ஏற்கனவே டபிள்யூன்னு ஒரு விண்டோ சிஸ்டம் இருந்தது. அதுல இருந்து கிளம்பினதால அடுத்த எழுத்து, எக்ஸ். பேரு வைக்க இவ்வளவுதான் யோசிச்சிருக்காங்க. அப்போ எம்ஐடியில அதீனான்னு ஒரு பெரிய புராஜெக்ட் நடந்துட்டு இருந்தது, டெக், ஐபிஎம் ரெண்டு கம்பெனி மெஷின்களோட. ஒரு மெஷின்ல ஓடுற புரோகிராம் இன்னொரு கம்பெனி மெஷினோட ஸ்கிரீன்ல தெரியணும்ங்கிறது அங்கே உண்மையான தேவை. அதனால நெட்வொர்க் வழியா வரையுறதுங்கிறது எக்ஸ்ல பின்னாடி ஒட்டவெச்ச வசதி இல்ல, அடித்தளமே அதுதான். 1987 செப்டம்பர்ல 11ஆவது வெர்ஷன் வந்தது. இன்னைக்கும் அதே 11தான்.

இதுல எல்லாரும் ஒரு தடவையாவது குழம்புற இடம் ஒண்ணு இருக்கு. எக்ஸ் உலகத்துல சர்வர் எது? லேப்ல இருக்கிற பெரிய மெஷின் இல்லைங்க. உங்க மடியில இருக்கிற லேப்டாப்தான் எக்ஸ் சர்வர். அங்கே ஓடுற ஜிடிகேவேவ்தான் கிளையன்ட். டீக்கடையை நினைச்சுக்கோங்க. அடுப்பும் பாய்லரும் மாஸ்டர்கிட்ட இருக்கு. வர்றவங்க "மாஸ்டர், ரெண்டு டீ, ஒண்ணு சர்க்கரை கம்மி"ன்னு கேக்கிறாங்க. இங்கே ஸ்கிரீன், கீபோர்டு, மவுஸ் மூணும் உங்க லேப்டாப்கிட்ட இருக்கு. புரோகிராம்கள் வந்து "மாஸ்டர், இந்த இடத்துல ஒரு ஜன்னல், அதுல ஒரு கோடு"ன்னு ஆர்டர் கொடுக்குது. அந்தப் புரோகிராம் பக்கத்து டெஸ்க்ல இருந்து கேட்டாலும் சரி, வேற ஊர்ல இருந்து கேட்டாலும் சரி, ஆர்டர் ஒண்ணுதான்.

இப்போ சீனியர் சொன்ன வழி என்னன்னு புரியும். அது எஸ்எஸ்ஹெச் வர்றதுக்கு முன்னாடி எல்லாரும் செஞ்ச வழி. டெல்நெட்ல லாகின் பண்ணு, டிஸ்ப்ளேல உன் மெஷின் அட்ரஸைக் கொடு, இந்தப் பக்கம் எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ் அடிச்சுக் கதவைத் திறந்து வை. எக்ஸ்ஹோஸ்ட் பிளஸுக்கு அர்த்தம், "யார் வந்து கேட்டாலும் கொடு, ஆள் யாருன்னு பாக்காதே." ரூம்மேட் விண்டோஸ்ல விசிஎக்ஸ்எஸ்ஆர்வி மாதிரி ஒரு எக்ஸ் சர்வர் போட்டிருப்பார். அதை ஸ்டார்ட் பண்ணும்போது டிஸேபிள் ஆக்சஸ் கண்ட்ரோல்னு ஒரு டிக் பாக்ஸ் வரும். அந்த டிக்கும் எக்ஸ்ஹோஸ்ட் பிளஸும் ஒரே விஷயம். அது நெட்வொர்க்ல 6000ஆவது போர்ட்ல காது கொடுத்துட்டு உக்காந்திருக்கும். ஃபயர்வால் கேட்டப்போ அலவ்னு அழுத்தியிருந்தா, ஹாஸ்டல் வைஃபைல இருந்து அந்த லேப்டாப்பை எட்ட முடியுற எவரும் அவர் ஸ்கிரீன்ல ஜன்னல் திறக்கலாம். ஜன்னல் திறக்கிறது கூட விளையாட்டுன்னு விட்டுடலாம். அவரோட ஜிடிகேவேவ்ல என்ன ஓடுதுன்னு ஸ்கிரீன்ஷாட்டும் எடுக்கலாம். போதாக்குறைக்கு, சர்வருக்கும் லேப்டாப்புக்கும் நடுவுல போற எதுவுமே என்க்ரிப்ட் ஆகல.

உங்க உபுண்டுல ஏன் வேலை செய்யல? இப்போ இருக்கிற லினக்ஸ்கள்ல எக்ஸ் சர்வர் நெட்வொர்க் பக்கம் கதவே வெக்கிறதில்ல. மெஷினுக்கு உள்ளே இருந்து மட்டும்தான் பேச முடியும். யாரோ புண்ணியவான்கள் டீஃபால்ட்டை மாத்தினதால நீங்க தப்பிச்சீங்க. அந்த வழி வேலை செய்யாம போனது நல்லதுதான்.

சரி, மைனஸ் எக்ஸ், மைனஸ் ஒய் கதைக்கு வருவோம்.

1995ல ஹெல்சிங்கி டெக்னாலஜி யுனிவர்சிட்டி நெட்வொர்க்ல யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக் கேட்டுத் திருடினாங்க. அங்கே ஆராய்ச்சி பண்ணிட்டிருந்த தாத்து யுலோனன் அதுக்குப் பதிலா எழுதினதுதான் எஸ்எஸ்ஹெச். ஆரம்பத்துலயே எக்ஸ் ஜன்னல்களையும் அதே என்க்ரிப்ட் ஆன பைப்புக்குள்ள அனுப்புற வசதியோடதான் அது வந்தது. டெர்மினல்ல நீங்க அடிக்கிறது இவ்வளவுதான்: எஸ்எஸ்ஹெச், ஒரு ஸ்பேஸ், மைனஸ், கேபிடல் எக்ஸ், அப்புறம் வழக்கம்போல யூசர்நேம், அட், சர்வர் பேரு. சின்ன எக்ஸ் போட்டா அர்த்தம் தலைகீழ், ஃபார்வர்டிங்கை ஆஃப் பண்ணிடும். கவனம்.

உள்ளே நடக்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன். லாகின் ஆனதும் லேப் சர்வர்ல எக்கோ, டாலர், டிஸ்ப்ளேன்னு அடிச்சுப் பாருங்க. லோக்கல்ஹோஸ்ட், கோலன், 10.0ன்னு வரும். அந்த டிஸ்ப்ளேயை நீங்க வெக்கல, எஸ்எஸ்ஹெச் வெச்சது. எக்ஸ்ல டிஸ்ப்ளே நம்பரோட 6000ஐக் கூட்டினா போர்ட் நம்பர். அப்போ 6010. அந்தப் போர்ட்ல லேப் சர்வர்லயே எஸ்எஸ்ஹெச் ஒரு போலி டீ மாஸ்டரை உக்கார வெச்சிருக்கு. ஜிடிகேவேவ் அவர்தான் மாஸ்டர்னு நம்பி ஆர்டர் கொடுக்கும். அவர் அதை அப்படியே பைப்புக்குள்ள போட்டு உங்க லேப்டாப்புக்கு அனுப்புவார். நம்பர் ஏன் 10ல ஆரம்பிக்குதுன்னா, அந்த மெஷின்லயே நிஜமா டிஸ்ப்ளே இருந்தா அதோட மோதக் கூடாதுன்னு முன்னாடி இடம் விட்டிருக்காங்க.

ஆர்டர் கொடுக்க வர்றவங்க ஒரு டோக்கன் காட்டணும். அதுக்குப் பேரு மேஜிக் குக்கி, 128 பிட் ரகசிய நம்பர். உங்க லேப்டாப்போட நிஜ டோக்கனை லேப் சர்வருக்கு அனுப்பிட்டா ரகசியம் போச்சு. அதனால எஸ்எஸ்ஹெச் ஒரு டூப்ளிகேட் டோக்கன் தயார் பண்ணி அதை அங்கே கொடுக்கும். யாராவது அதைக் காட்டினா, உங்க பக்கத்து எஸ்எஸ்ஹெச் சரிபார்த்து, பொருந்தினா மட்டும் நிஜ டோக்கனை மாத்தி வெச்சு உள்ளே விடும். பொருந்தலைன்னா வாசல்லயே நிறுத்திடும். அதனாலதான் மைனஸ் எக்ஸ் போடும்போது எக்ஸ்ஹோஸ்ட் பிளஸுக்கு வேலையே இல்ல. அதை அடிக்கிறது கதவைத் திறந்து வெக்குமே தவிர, எந்த எரரையும் சரி பண்ணாது.

வேலை செய்யலைன்னா எங்கே பாக்கணும்? லேப் சர்வரோட எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக்ல எக்ஸ் 11 ஃபார்வர்டிங் எஸ்னு இருக்கணும். அதை மாத்த அட்மின் வேணும். அங்கே எக்ஸ்ஆத்ங்கிற சின்ன புரோகிராமும் இருக்கணும். டூப்ளிகேட் டோக்கனைப் பத்திரப்படுத்துறது அதுதான், மினிமல் இன்ஸ்டால்ல பெரும்பாலும் இருக்காது. உங்க பாஷ்ஆர்சி ஃபைல்ல சீனியர் பேச்சைக் கேட்டு டிஸ்ப்ளேல ஐபி எழுதியிருந்தா முதல்ல அந்த வரியை அழிங்க. எஸ்எஸ்ஹெச் வெச்ச சரியான மதிப்பை ஒவ்வொரு லாகின்லயும் அது கெடுத்துட்டே இருக்கும். டிமக்ஸ் யூஸ் பண்றவங்களுக்கு இன்னொரு தொல்லை: நேத்து திறந்த செஷனுக்குள்ள இன்னைக்குப் போனா, பழைய டிஸ்ப்ளே நம்பரே உக்காந்திருக்கும். மேக் வெச்சிருக்கிறவங்க எக்ஸ்குவார்ட்ஸ் போட்டுக்கணும். விண்டோஸ்ல மோபாஎக்ஸ்டெர்ம் போட்டா எக்ஸ் சர்வர் உள்ளேயே வருது, ரூம்மேட்டுக்கு நான் சொல்றது அதுதான். டெஸ்ட் பண்ண எக்ஸ்கிளாக் போதும். ஒரு கடிகாரம் வரும். வந்தா வழி திறந்திருக்குன்னு அர்த்தம்.

இப்போ ஃபீஸ் விஷயம்.

எக்ஸை டிசைன் பண்ணின காலத்துல ஒரே டிஸ்ப்ளேல ஓடுற புரோகிராம்கள் எல்லாம் ஒருத்தரை ஒருத்தர் நம்பலாம்னு வெச்சுக்கிட்டாங்க. டோக்கன் காட்டி உள்ளே வந்துட்டா எல்லாரும் குடும்ப உறுப்பினர்தான். ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராமோட ஜன்னலைப் படம் பிடிக்கலாம், அதுல டைப் பண்ற எழுத்தைப் படிக்கலாம், ஏன், அது டைப் பண்ற மாதிரி நடிக்கவும் செய்யலாம். இது பக் இல்ல, டிசைன். உங்க லேப்டாப் எக்ஸார்க் செஷன்ல ஓடுதுன்னா, எக்ஸ்இன்புட்னு ஒரு குட்டி டூல் இருக்கு, அதை வெச்சே பாத்துக்கலாம். ஒரு டெர்மினல்ல அதை ஓட விட்டு, வேற ஜன்னல்ல ஏதாவது டைப் பண்ணுங்க. ஒவ்வொரு கீயும் நம்பரா இங்கே ஓடும். ரூட் பாஸ்வேர்டு எதுவும் கேக்காது.

மைனஸ் ஒய் போட்டு நீங்க லேப் சர்வர்ல இருந்து ஒரு ஜன்னலைத் திறக்கும்போது, அந்தச் சர்வரை இந்தக் குடும்பத்துல சேத்துடுறீங்க. டூப்ளிகேட் டோக்கன் அங்கே உங்க ஹோம் டைரக்டரில ஒரு ஃபைல்ல இருக்கு. அந்த மெஷினோட ரூட் அதைப் படிக்கலாம். உங்க அக்கவுண்ட் பாஸ்வேர்டு தெரிஞ்சவங்க யாரும் படிக்கலாம். "டீம் அக்கவுண்ட்டா, பாஸ்வேர்டு எல்லாருக்கும் தெரியுமே"ன்னு சொல்ற லேப்கள் எத்தனை இருக்கு, யோசிச்சுப் பாருங்க. படிச்சிட்டு 6010 வழியா வந்தா, அவங்க பாக்கிறது லேப் சர்வரை இல்ல, உங்க லேப்டாப்பை. நீங்க அந்தப் பக்கம் பிரவுசர்ல நெட்பேங்கிங் பாஸ்வேர்டு அடிச்சிட்டு இருந்தா அதுவும் அவங்களுக்குக் கேக்கும். என்க்ரிப்ஷன் இதுல உதவாது. அது வழியில இருக்கிற திருடனுக்கு எதிரான காவல். இங்கே பைப்போட மறுமுனையே பிரச்சினை.

மைனஸ் எக்ஸ் இதைத் தடுக்கணும்னுதான் இருக்கு. அதுல வர்ற புரோகிராம்களை நம்பாத விருந்தாளின்னு முத்திரை குத்தி உள்ளே விடும். மத்தவங்க கீபோர்டைப் படிக்க முடியாது, மத்த ஜன்னலைப் படம் பிடிக்க முடியாது. ஆனா ரெண்டு விஷயம். ஒண்ணு, சில புரோகிராம்கள் இந்தக் கட்டுப்பாட்டைத் தாங்காம செத்துடும். 20 நிமிஷம் ஆனதும் புதுசா எந்த ஜன்னலையும் விடாது, "இப்பதானே வேலை செஞ்சுது"ன்னு நீங்க தலையைச் சொறிவீங்க. கடுப்பாகித்தான் எல்லாரும் மைனஸ் ஒய்க்கு ஓடினாங்க. ரெண்டாவது, இது உங்களுக்குத்தான்: டெபியன், உபுண்டு ரெண்டுலயும் இந்தக் கடுப்பைத் தவிர்க்க டீஃபால்ட்டையே மாத்தி வெச்சிருக்காங்க. அங்கே மைனஸ் எக்ஸ் போட்டாலும் மைனஸ் ஒய் போட்ட மாதிரிதான் நடக்கும். நான் மைனஸ் எக்ஸ்தானே போட்டேன்னு நிம்மதியா இருக்க முடியாது. நிஜமான மைனஸ் எக்ஸ் வேணும்னா எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக்ல அந்தச் சர்வர் பேருக்குக் கீழே ஃபார்வர்ட்எக்ஸ்11டிரஸ்டட் நோன்னு ஒரு வரி எழுதணும். இப்ப என்ன இருக்குன்னு தெரிய, எஸ்எஸ்ஹெச், மைனஸ், கேபிடல் ஜி, சர்வர் பேரு அடிச்சா கனெக்ட் ஆகாமலே எல்லா செட்டிங்கையும் கொட்டும். அதுல இந்தப் பேரைத் தேடுங்க.

அப்படின்னா பயப்படணுமா? அது உங்க லேப்டாப்ல என்ன ஓடுதுங்கிறதைப் பொறுத்தது. எக்கோ, டாலர், எக்ஸ்டிஜி செஷன் டைப்னு அடிங்க, வார்த்தைகளுக்கு நடுவுல அண்டர்ஸ்கோரோட, எல்லாம் கேபிடல்ல. எக்ஸ் 11ன்னு வந்தா நான் சொன்ன ஆபத்து முழுசா உண்டு. வேலண்ட்னு வந்தா நிலைமை பரவாயில்ல. லேப்ல இருந்து வர்ற ஜன்னல் எக்ஸ்வேலண்ட்ங்கிற ஒரு தனி ரூமுக்குள்ள அடைபடும். அந்த ரூம்ல இருக்கிற மத்தவங்களை மட்டும்தான் அது பாக்க முடியும். உங்க பிரவுசரும் அதே ரூம்ல இருக்கா இல்லையான்னு தெரிய எக்ஸ்எல்எஸ்கிளையன்ட்ஸ்னு ஒரு கமாண்ட் இருக்கு, உள்ளே இருக்கிறவங்க லிஸ்ட்டைக் கொடுக்கும். அதுல பிரவுசர் பேரு இருந்தா உஷார். மேக், விண்டோஸ் ஆளுங்களுக்கும் இதே கதைதான்: சாதாரண ஜன்னல்கள் எக்ஸுக்கு வெளியே இருக்கிறதால கீபோர்டு பத்திப் பெரிய பயம் இல்ல. ஆனா காப்பி பேஸ்ட் ரெண்டு பக்கமும் பகிரப்படும். பாஸ்வேர்டு மேனேஜர்ல இருந்து காப்பி பண்றவங்க, ஜன்னல் திறந்திருக்கிற நேரத்துல அதைச் செய்யாதீங்க.

எக்ஸார்க்தான் வேணும்னா செஃபிர்னு ஒண்ணு இருக்கு. எழுத்துல எக்ஸ்ல ஆரம்பிக்கும், அது வேற குழப்பம். டெஸ்க்டாப்புக்குள்ள ஒரு ஜன்னல், அந்த ஜன்னலுக்குள்ள இன்னொரு முழு எக்ஸ் சர்வர். அதைத் திறந்து, லேப் ஜன்னல்களை அதுக்குள்ள மட்டும் வரவெச்சா, மைனஸ் ஒய் போட்டாலும் அந்தப் பெட்டிக்கு வெளியே எதுவும் தெரியாது. விருந்தாளிக்குத் திண்ணையைக் கொடுத்த மாதிரி.

இன்னொண்ணு, மெயில்ல கேக்கல, ஆனா எல்லாரும் அடுத்து கேப்பீங்க: ஏன் இவ்வளவு ஸ்லோ? ஹாஸ்டல்ல இருந்து லேப் ஒரே கேம்பஸ், ஸ்லோ தெரியாது. இதே வேலையை சென்னைல உக்காந்து அமெரிக்கக் கிழக்குக் கரைல இருக்கிற கிளவுட் மெஷின்ல செய்யுங்க. ஒரு கேள்வி போய் பதில் வர 200 மில்லிசெகண்டுக்கு மேல ஆகும். ஒரு புரோகிராம் திறக்கும்போது ஒண்ணு முடிஞ்சதும் ஒண்ணா 100 கேள்வி கேட்டா 20 செகண்ட் போச்சு. நெட் ஸ்பீடைக் கூட்டினா இது குறையாது, தூரம் குறையல இல்ல. அதுவும் போக, அந்தக் காலத்துப் புரோகிராம்கள் "ஒரு கோடு போடு"ன்னு சின்ன ஆர்டர் கொடுத்தது. இப்போ இருக்கிறவை தானே முழுப் படத்தையும் வரைஞ்சு பொட்டலம் கட்டி அனுப்புது. அந்தத் தூரத்துக்கு எக்ஸ்பிராவோ விஎன்சியோதான் சரி. கனெக்ஷன் அறுந்தாலும் புரோகிராம் அங்கே உயிரோட இருக்கும், திரும்பப் போய் ஒட்டிக்கலாம். மைனஸ் எக்ஸ்ல வைஃபை அறுந்தா ஜன்னலோட புரோகிராமும் சாகும். 3 மணி நேர வேலையை அப்படி ஓட்டாதீங்க.

ஜூபிட்டர் மாதிரி பிரவுசர்ல வர்றதுக்கு எக்ஸே வேண்டாம். கேபிடல் எல் போட்டு ஒரே ஒரு போர்ட்டை ஃபார்வர்ட் பண்ணினா போதும். மாட்பிளாட்லிப் படத்தை ஃபைலா சேவ் பண்ணி எடுத்துட்டு வாங்க, ஜன்னல் எதுக்கு?

அதே லாஜிக்தான் தம்பி உங்களுக்கும். ஜிடிகேவேவ் இலவசம், உங்க உபுண்டுலயே இன்ஸ்டால் ஆகும். சிமுலேஷனை லேப்ல ஓட்டுங்க. விசிடி ஃபைல் பெருசா இருந்தா, ஜிடிகேவேவோடயே வர்ற விசிடி டு எஃப்எஸ்டி டூலால அங்கேயே சுருக்குங்க. ஆர்சிங்க்ல இங்கே இழுத்து லேப்டாப்ல திறங்க. யாரையும் குடும்பத்துல சேக்க வேண்டியதில்ல. கேடன்ஸ் விர்ச்சுவோசோ மாதிரி லைசன்ஸோட சர்வர்ல மட்டும் ஓடுற டூல் வரும்போது வேற வழியில்ல, அப்போ அட்மின்கிட்ட விஎன்சி இருக்கான்னு கேளுங்க. இல்லைன்னா செஃபிருக்குள்ள மைனஸ் ஒய். ஃபீஸ் கட்டுற அன்னைக்கு முதல்ல எல்லா எஸ்எஸ்ஹெச்சையும் மூடிடுங்க.

அப்புறம், சீனியர் சொன்ன எக்ஸ்ஹோஸ்ட் பிளஸை உங்க லேப்டாப்ல ஏற்கனவே அடிச்சிருக்கீங்க. எக்ஸ்ஹோஸ்ட் மைனஸ்னு அடிச்சா கதவு திரும்ப மூடும். ரூம்மேட்கிட்ட அந்த டிக் பாக்ஸையும் எடுக்கச் சொல்லுங்க, இன்னைக்கு ராத்திரியே. அவர் மோபாஎக்ஸ்டெர்முக்கு மாறினாரா, எக்ஸ்கிளாக் வந்துதான்னு எழுதுங்க.